தோழியின் பாஸ்வேர்டில் எத்தனை நாள் படிப்பது?

இந்த முறை வந்திருப்பது நீளமான கடிதம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

எழுதியவர் சமூகப் பணியில் முதுகலை முடித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சிறாரோடும் அவர்கள் குடும்பங்களோடும் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறார். படித்த காலத்தில் பல்கலைக்கழக லாகின் இருந்ததால் எந்த ஆய்விதழையும் திறந்து பார்க்க முடிந்தது. பட்டம் வாங்கிய கொஞ்ச நாளிலேயே அது நின்றுபோனது. பிஎச்.டி படிக்கும் ஒரு தோழி தன் பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறார். அதை வைத்துத்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார்.

இப்போது சிக்கல் வேறு உருவத்தில் வந்திருக்கிறது. நிறுவனத்தின் இயக்குநர் ஒரு புதுத் திட்டம் போட்டிருக்கிறார். திருட்டு, அடிதடி என்று ஒருமுறை காவல் நிலையம் வரை போய்வந்த பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளைச் சிறைக்கு அழைத்துப் போவது. அங்கிருக்கும் கைதிகளை வைத்தே "இங்கே வந்தால் இதுதான் கதி" என்று சொல்ல வைப்பது. ஒரு நாள் பயணம், செலவும் குறைவு, கேட்டவர்கள் எல்லோரும் நல்ல யோசனை என்கிறார்களாம்.

"இப்படிப் பயமுறுத்துவது எதிர்விளைவைத் தரும் என்று வகுப்பில் படித்த ஞாபகம். தேடினேன். முதல் பக்கத்திலேயே பணம் கேட்டது. தோழியின் லாகினும் அன்றைக்கு வேலை செய்யவில்லை. கையில் ஆதாரம் இல்லாமல் மீட்டிங்கில் வாயைத் திறக்க முடியவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த கூட்டம் இரண்டு வாரத்தில் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

கூடவே சில கேள்விகள். தோழியின் பாஸ்வேர்டைப் பயன்படுத்துவது அவ்வளவு பெரிய தப்பா? முன்னாள் மாணவர் அட்டை வாங்கினால் பழைய வசதி திரும்பக் கிடைக்குமா? லாகினுக்காகவே பிஎச்.டி சேர்ந்துவிடலாமா? வகுப்பில் பேராசிரியர் கொடுத்த மனச்சோர்வு அளவுகோலின் ஜெராக்ஸை இன்னும் பயன்படுத்துகிறேன், அது சரியா? கடைசியாக ஒரு வரி: "களத்துக்கு வந்துவிட்ட நமக்கெல்லாம் ஆராய்ச்சி என்பது படிக்கிற காலத்தோடு முடிந்துபோன விஷயம்தானோ என்று தோன்றுகிறது."

அன்புள்ள வாசகிக்கு,

கூட்டத்துக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் ஞாபகம் சரி. நீங்கள் தேடிய ஆதாரம் பூட்டிய அலமாரியிலும் இல்லை. யார் வேண்டுமானாலும், எந்த லாகினும் இல்லாமல், முழுதாக இறக்கிப் படிக்கலாம்.

நீங்கள் தட்டியது பக்கத்துக் கதவு

'ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்' (Scared Straight, பயமுறுத்தித் திருத்துவது) என்பதுதான் அந்த வகைத் திட்டங்களின் பெயர். 1970களில் அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் ராவே சிறையில் ஆயுள் கைதிகள் நடத்திய நிகழ்ச்சியால் புகழ்பெற்றது. பார்த்தவர்கள் எல்லோரும் அசந்துபோனார்கள். பல மாநிலங்களுக்குப் பரவியது. அந்தோணி பெட்ரோசினோவும் அவருடைய சகாக்களும் இந்த வகைத் திட்டங்களைப் பற்றிய சோதனைகளைத் தேடிச் சேர்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை 9. எட்டு மாநிலங்களில், 1967க்கும் 1992க்கும் இடையில் நடந்தவை. மொத்தம் 946 இளையவர்கள். ஒவ்வொரு சோதனையிலும் பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை மட்டும் சிறைக்குக் கூட்டிப்போனார்கள். பிறகு யார் மறுபடி குற்றத்தில் சிக்குகிறார்கள் என்று கவனித்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, கூட்டிப்போன பிள்ளைகள்தான் அதிகம் சிக்கினார்கள். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால்கூட மேல் என்பதுதான் அதன் பொருள்.

இந்த ஆய்வு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துத் தரும் காக்ரேன் நூலகத்தில் 2002இல் வெளிவந்தது, 2013இல் புதுப்பிக்கப்பட்டது. இதையே கேம்பெல் கொலாபரேஷன் என்ற அமைப்பும் வெளியிட்டிருக்கிறது. கேம்பெல் வெளியிடுவது எல்லாமே இலவசம். இதே குழு இதே விஷயத்தைப் பற்றி வேறு ஆய்விதழ்களிலும் எழுதியிருக்கிறது. அப்படிப் பூட்டிய ஒன்றைத்தான் நீங்கள் முதலில் தட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கேயே திரும்பிவிட்டீர்கள். இரண்டு கதவு தள்ளி ஒன்று திறந்தே கிடந்தது.

உங்கள் கடிதத்தில் நான் திருத்த விரும்புவது இந்த இடத்தைத்தான். "மாணவியாக இருந்தபோது எல்லாம் இருந்தது, இப்போது ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். மாணவிக்கு வேண்டியதும் களப்பணியாளருக்கு வேண்டியதும் ஒன்றல்ல. ஆய்வேட்டுக்கு நீங்கள் ஐம்பது கட்டுரையைத் தேடிப்பிடித்தீர்கள், அவற்றில் பாதியையாவது மேற்கோள் காட்டியாக வேண்டியிருந்தது. இப்போது அப்படியில்லை. "இந்தப் பிள்ளைகளுக்கு இதைச் செய்தால் நல்லதா, கெட்டதா?" என்று ஒரே ஒரு கேள்வி. அதற்கு வேண்டியது ஐம்பது தனிக் கட்டுரைகள் இல்லை, அந்த ஐம்பதையும் யாரோ முறையாகச் சலித்துத் தந்த ஒன்று. சிஸ்டமேட்டிக் ரிவ்யூ என்று படித்திருப்பீர்கள். இங்கே தொகுப்பாய்வு என்று சொல்லிக்கொள்வோம். தனிக் கட்டுரைகளைவிடத் தொகுப்பாய்வுகள்தான் லாகின் இல்லாதவர் கைக்கு எளிதாக எட்டுகின்றன.

அதனால் தேடும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் கேம்பெல்: 2000இல் தொடங்கியது, சமூக நலம், கல்வி, குற்றத்தடுப்பு எல்லாம் அதன் எல்லைக்குள் வரும். நம் தொழிலுக்கென்றே செய்தது போல இருக்கும். அடுத்து காக்ரேன்: 1993இல் மருத்துவத்துக்காகத் தொடங்கியது என்றாலும் மனநலம், போதைப் பழக்கம், குழந்தை வளர்ப்பு பற்றி நிறைய உண்டு. அதன் முழு உரை சில நாடுகளில் இலவசம், சில நாடுகளில் இல்லை. ஆனால் சுருக்கமும் எளிய மொழி விளக்கமும் எல்லா இடத்திலும் இலவசம், பல விளக்கங்கள் தமிழிலும் இருக்கின்றன. பெற்றோரிடமோ நிர்வாகக் குழுவிடமோ காட்ட அந்தத் தமிழ் விளக்கம் எவ்வளவு உதவும் என்பது பயன்படுத்திப் பார்த்தால் தெரியும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வெளியிடும் வழிகாட்டிகளும் காசில்லாமல் கிடைப்பவைதான். இவை எதிலும் விடை கிடைக்காதபோதுதான் தனிக் கட்டுரைக்குப் போகவேண்டும்.

தனிக் கட்டுரைதான் வேண்டும் என்றால்

ஒரு கட்டுரைக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட உருவங்கள் உண்டு. பதிப்பாளர் அழகாக அச்சுக்கோத்த பிரதி ஒன்று, அதற்குத்தான் பணம் கேட்கிறார்கள். அதற்கு முன்னால், நிபுணர்கள் படித்துத் திருத்தம் சொல்லி ஆய்விதழ் ஏற்றுக்கொண்ட, அச்சுக்கோக்காத பிரதி ஒன்று. அதை ஆசிரியர் தன் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் வைத்திருக்கலாம், வைக்கப் பல பதிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். இன்னும் முன்னால், யாரும் பரிசீலிக்காத முன்பதிப்பு ஒன்று. முதல் இரண்டுக்கும் உள்ளடக்கத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. மூன்றாவதை மட்டும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும்.

கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடலான கூகுள் ஸ்காலரில் தேடும்போது பல முடிவுகளுக்குக் கீழே "எல்லாப் பதிப்புகளும்" என்று ஓர் இணைப்பு இருக்கும். நம்மில் பெரும்பாலோர் அதைக் கிளிக் செய்வதே இல்லை. செய்யுங்கள். அன்பேவால் என்ற சின்ன நீட்சியை பிரவுசரில் போட்டுக்கொண்டால், நீங்கள் பார்க்கும் கட்டுரைக்குச் சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு ஒன்று திறந்து காட்டும். அதற்கும் காசு இல்லை. மருத்துவம் சார்ந்த கட்டுரைகளுக்கு, பப்மெட் சென்ட்ரல் என்ற தளத்தில் முழு உரைகள் இருக்கின்றன. பப்மெட் வேறு, பப்மெட் சென்ட்ரல் வேறு: முன்னது அட்டவணை, பின்னது நூலகம். சமூக அறிவியலின் பழைய கட்டுரைகளுக்கு ஜேஸ்டோர் என்ற இணையக் களஞ்சியத்தில் சொந்தக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையிலேயே படிக்கலாம்.

அப்புறம், ரிசர்ச்ஃபோர்லைஃப் என்று ஒன்று இருக்கிறது. 2002இல் உலக சுகாதார நிறுவனம் ஹினாரி என்ற பெயரில் தொடங்கியது, இப்போது பல துறைகளுக்கு விரிந்திருக்கிறது. வருமானம் குறைந்த நாடுகளில் உள்ள நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ திறந்துவிடுகிறது. தனி ஆளாகச் சேர முடியாது, நிறுவனம்தான் பதிவுசெய்ய வேண்டும். எந்த நாடுகள் தகுதி பெறும் என்ற பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. லாபநோக்கற்ற அமைப்புகளும் சேரலாம். உங்கள் நாடு அதில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இவ்வளவும் செய்து கிடைக்கவில்லை என்றால் எழுதியவரிடமே கேளுங்கள். எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆய்விதழில் எழுதுபவர்களுக்குக் கட்டுரைக்குப் பணம் கிடைப்பதில்லை, யாராவது படித்தால் போதும் என்றிருப்பார்கள். களத்தில் ஒருவர் அதை வைத்து முடிவெடுக்கப் போகிறார் என்றால் இன்னும் சந்தோஷம். நாலு வரி போதும்: "நான் சிறாரோடு பணிபுரியும் சமூகப் பணியாளர். உங்களுடைய இந்தக் கட்டுரை எங்கள் திட்டம் ஒன்றைப் பற்றி முடிவெடுக்க உதவும். எங்கள் நிறுவனத்துக்குச் சந்தா இல்லை. ஒரு பிரதி அனுப்ப முடியுமா?" ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் இரண்டாவது ஆசிரியருக்கு எழுதுங்கள். முதல் பெயர்க்காரர் பரபரப்பாக இருக்கலாம். இரண்டாவது பெயர்க்காரர் அனுப்பிவிடக்கூடும்.

பாஸ்வேர்டும் நிழல் நூலகமும்

தோழி நல்ல மனதோடுதான் கொடுத்திருக்கிறார். ஆனால் மாட்டினால் மாட்டப் போவது அவர்தான், நீங்கள் இல்லை. பல்கலைக்கழகம் பதிப்பாளர்களோடு போடும் ஒப்பந்தத்தில், யார் யார் பயன்படுத்தலாம் என்று தெளிவாக எழுதியிருக்கும்: இப்போது படிக்கும் மாணவர்கள், ஆசிரியர்கள், ஊழியர்கள். ஒரே கணக்கு வெவ்வேறு இடங்களிலிருந்து திறக்கப்பட்டாலோ, ஒரே மூச்சில் நிறைய பிடிஎஃப் இறங்கினாலோ பதிப்பாளரின் கணினி கவனித்துப் புகார் அனுப்பும். அப்போது தோழியின் கணக்கு முடங்கலாம், ஒழுங்கு நடவடிக்கைகூட வரலாம். ஆய்வேட்டின் நடுவில் இருப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை. தவிர, அந்தப் பாஸ்வேர்ட் கட்டுரைகளை மட்டும் திறப்பதில்லை. பல இடங்களில் மாணவரின் மின்னஞ்சல், மதிப்பெண், கட்டண விவரம் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அன்றைக்கு லாகின் வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று தோழியிடம் கேட்டீர்களா?

நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை என்றாலும் "எல்லோரும் பயன்படுத்தும் அந்தத் தளம்" என்று ஓரிடத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். சை-ஹப்பைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பூட்டிய கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் 'நிழல் நூலகம்' அது, 2011இல் அலெக்ஸாண்ட்ரா எல்பாக்யான் தொடங்கியது. அறிவைப் பூட்டிவைப்பது நியாயமா என்ற அவருடைய கேள்வி நியாயமானது என்று நினைப்பவர்கள் ஆய்வுலகத்திலேயே நிறைய உண்டு, எனக்கும் அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் சட்டம் வேறு பக்கம் நிற்கிறது. 2017இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று எல்செவியர் என்ற ஆய்விதழ்ப் பதிப்பாளருக்கு சை-ஹப் தரப்பு 1.5 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. வேறு பல நாடுகளிலும் தடை உத்தரவுகள் இருக்கின்றன. வீட்டுக் கணினியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது உங்கள் முடிவு. நிறுவனத்தின் கணினியில், நிறுவனத்தின் பெயரில் எழுதும் அறிக்கைக்காக அதைச் செய்தால் பொறுப்பு உங்களோடு நிற்காது. மேலே சொன்ன வழிகளை எல்லாம் முயன்று பார்த்தால் அந்தத் தளத்துக்குப் போக வேண்டிய தேவை அநேகமாக வராது என்பதும் உண்மை.

முன்னாள் மாணவர் அட்டை, பிஎச்.டி

அட்டை வாங்கலாம். ஆனால் எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். பல இடங்களில் அது புத்தகம் எடுக்க மட்டும்தான். வீட்டிலிருந்தபடி ஆய்விதழ் பார்க்க விடமாட்டார்கள், மேலே சொன்ன ஒப்பந்தம்தான் காரணம். ஆனால் அதே ஒப்பந்தங்கள் பலவற்றில், நூலகத்துக்கு நேரில் வந்து அங்குள்ள கணினியில் உட்காருகிறவர்கள் படிக்கலாம் என்று ஒரு விதி இருக்கும். அதனால் நூலகரிடம் "முன்னாள் மாணவர்களுக்கு வசதி உண்டா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், இல்லை என்றே பதில் வரும். "நேரில் வந்தால் உங்கள் கணினியில் டேட்டாபேஸ் பார்க்கலாமா? உங்களிடம் இல்லாததை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவீர்களா?" என்று கேளுங்கள். மாதத்தில் ஒரு நாள், தேட வேண்டியவற்றின் பட்டியலோடு போய் உட்கார்ந்தால் போதும்.

உங்கள் நிறுவனம் மாணவர்களைக் களப்பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறதா? அப்படியென்றால் நீங்கள் அவர்களுக்கு மேற்பார்வையாளர். மேற்பார்வையாளர்களுக்கு நூலக வசதி தரும் துறைகள் உண்டு. தராத துறைகளும் இதுவரை யாரும் கேட்காததால்தான் தராமல் இருக்கலாம். நீங்கள் நேரம் ஒதுக்கி அவர்களுடைய மாணவர்களைப் பழக்குகிறீர்கள், பதிலுக்கு இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

லாகினுக்காக பிஎச்.டி மட்டும் வேண்டாம். பால் குடிக்க மாடு வாங்கிய கதையாகிவிடும். உங்களை விடாமல் அரிக்கிற கேள்வி ஒன்று வரும்போது சேருங்கள்.

அந்த ஜெராக்ஸ் படிவம்

உங்கள் விவரிப்பைப் பார்த்தால் அது பெக் மனச்சோர்வு அளவுகோல் போலத் தெரிகிறது. அதற்குக் காப்புரிமை உண்டு, பியர்சன் நிறுவனம் விலைக்கு விற்கிறது. வகுப்பில் ஆசிரியர் காட்டியது வேறு. நான்கு வருடமாகக் கிளையன்டுகளுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது வேறு. நிறுத்திவிடுங்கள்.

இதற்காக யாரும் கஷ்டப்பட வேண்டியதில்லை. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை அனுமதி கேட்காமலே நகலெடுக்கலாம், தமிழ் வடிவமும் இருக்கிறது. மதுப் பழக்கத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவமான ஆடிட் இருக்கிறது. பிள்ளைகளின் நடத்தை, உணர்வுச் சிக்கல்களைப் பார்க்க எஸ்டிக்யூ படிவம், 25 வரிகள். காப்புரிமை உண்டு, ஆனால் லாபநோக்கில்லாத வேலைக்குத் தாள் படிவத்தை இலவசமாக எடுத்துக்கொள்ள விடுகிறார்கள், வரிகளை மாற்றக் கூடாது. "நம்ம ஆட்களுக்குப் புரியாது" என்று நாமே கேள்வியைத் திருத்தி எழுதும் பழக்கம் நம் தொழிலில் நிறைய. திருத்திய நிமிடமே அந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தம் போய்விடுகிறது.

ஓர் எச்சரிக்கை. பிஎச்க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. ஒருவர் அதில் "ஆமாம்" பக்கம் குறித்தால் அடுத்த பத்து நிமிடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள், யாரிடம் அழைத்துப் போவீர்கள் என்பது முடிவாகும்வரை அந்தப் படிவத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக எடுத்து நீட்டக்கூடிய தாள் இல்லை அது.

கிடைத்ததைப் படிப்பது

கட்டுரையை எடுப்பது பாதி வேலைகூட இல்லை. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மீட்டிங்குக்குப் போகாதீர்கள். யாரிடம் சோதித்தார்கள், எத்தனை பேர், எவ்வளவு காலம் பின்தொடர்ந்தார்கள், நடுவில் எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்று நான்கை மட்டும் தேடிக் குறித்துக்கொண்டாலே கட்டுரையின் பலம் தெரிந்துவிடும்.

பெயர் தெரியாத ஆய்விதழ் என்றால், காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் வகையா என்று பாருங்கள். திறந்த ஆய்விதழ்களுக்கான டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா என்பது ஒரு நல்ல முதல் சோதனை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் ஒரு சாட்பாட் கொடுத்த மூன்று மேற்கோள்களை எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் இரண்டை நான் எங்கு தேடியும் காணவில்லை. ஆசிரியர் பெயர், ஆண்டு, ஆய்விதழ் எல்லாம் நம்பும்படி இருக்கிறது, கட்டுரைதான் இல்லை. அந்த மென்பொருள்கள் இப்படிக் கற்பனையாகவும் எழுதும். கட்டுரைக்கென்று தரப்படும் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணைப் போட்டுக் கட்டுரை கண்முன் திறக்காதவரை எந்த மேற்கோளையும் அறிக்கையில் சேர்க்காதீர்கள். அங்கே கேள்வி கேட்கும்போது பிள்ளையின் வயது, ஊர், வழக்கு விவரம் எல்லாம் தட்டச்சு செய்திருக்கிறீர்கள் என்பது எனக்கு அதைவிடக் கவலையாக இருக்கிறது. பெயர் போடவில்லை என்றாலும் கேஸ் ஃபைலில் இருப்பதை வெளியாளிடம் சொன்னதுதான் அது. "பதினைந்து வயதுச் சிறார், முதல் குற்றம்" என்பதற்கு மேல் எந்தத் தேடலுக்கும் தேவைப்படாது.

"ஆராய்ச்சி படிப்போடு முடிந்ததா" என்ற வரிக்கு என் அனுபவத்தையே பதிலாகச் சொல்கிறேன். நான் மருத்துவமனையில் பணியாற்றிய காலத்தில், விபத்தில் தப்பியவர்களை மறுநாளே உட்கார வைத்து, நடந்ததை முழுதாகச் சொல்ல வைக்கும் வழக்கம் இருந்தது. டீப்ரீஃபிங் என்போம். நானும் மனசாரச் செய்தேன், பலரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருமுறை மட்டும் நடக்கும் அந்த அமர்வு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயைத் தடுப்பதில்லை என்றும், ஒரு சோதனையில் ஓராண்டு கழித்து ஆபத்து கூடியே இருந்தது என்றும் காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னதை நான் மிகவும் தாமதமாகப் படித்தேன். நன்றி சொன்னவர்கள் என் கண்ணில் பட்டார்கள். ஒரு வருடம் கழித்துத் தூக்கமில்லாமல் தவித்தவர்கள் படவில்லை, அவர்கள் திரும்ப என்னிடம் வரவே இல்லை. உங்கள் இயக்குநரும் சிறையிலிருந்து திரும்பும் வண்டியில் அழுதுகொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்து "வேலை செய்கிறது" என்றுதான் நினைப்பார்.

கூட்டத்தில்

அச்செடுத்த தொகுப்பாய்வை மேசையில் போட்டு "பாருங்கள், தப்பு" என்று சொல்லாதீர்கள். எல்லோர் முன்னாலும் தோற்க யாருக்கும் பிடிக்காது, பதவியில் இருப்பவர்களுக்கு இன்னும் பிடிக்காது. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே தனியாகப் போய்ப் பாருங்கள். ஒரே பக்கம் எழுதிக்கொண்டு போங்கள், தமிழில். மேலே, அவர் விரும்புவது என்ன: இந்தப் பிள்ளைகள் மறுபடி சிக்கக் கூடாது. அதில் உங்கள் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. நடுவில், 9 சோதனை, 946 பேர், கிடைத்த விடை. கீழே, அதே பணத்தையும் ஆட்களையும் வைத்து வேறு என்ன செய்யலாம். மூன்றாவது பகுதி இல்லாமல் போகாதீர்கள். மாற்று இல்லாத மறுப்பு எந்த அலுவலகத்திலும் எடுபடாது.

மாற்றும் கேம்பெலிலேயே இருக்கிறது. குற்றத்தில் ஈடுபட்டவர்களுக்கான அறிவாற்றல் நடத்தைப் பயிற்சிகளைப் பற்றி லிப்சேயும் சகாக்களும் 2007இல் செய்த தொகுப்பாய்வு 58 ஆய்வுகளைச் சேர்த்தது. வளர்ந்தவர்களும் சிறாரும் அதில் உண்டு. மறுபடி குற்றத்தில் சிக்குவது சராசரியாக நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கோபம் வரும்போது என்ன செய்வது, நண்பன் இழுத்தால் எப்படி மறுப்பது என்று சின்னக் குழுவாக உட்கார்ந்து வாராவாரம் பழகும் வேலைதான். நம்பகமான ஒரு பெரியவரைத் துணையாகச் சேர்த்துவிடும் திட்டங்களுக்கும் மிதமான பலன் உண்டு என்று தனித் தொகுப்பாய்வு சொல்கிறது. இரண்டுமே ஒரு நாளில் முடியாது, புகைப்படத்திலும் அவ்வளவு எடுப்பாக இருக்காது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

"அதெல்லாம் அமெரிக்கா, நம் பிள்ளைகள் வேறு" என்பார். அது அபத்தமான வாதம் இல்லை, ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். அந்தச் சோதனைகள் பழையவை, ஒரே நாட்டில் நடந்தவை என்பதை நீங்களே முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'நம் பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்யாது' என்று காட்டும் ஆதாரமும் அவரிடம் இல்லை. தெரியாத நிலையில் பிள்ளைகளை வைத்துச் சோதிப்பதா, பலன் தெரிந்த ஒன்றை முயல்வதா என்பதுதான் மீதமிருக்கும் கேள்வி. சமூகப் பணிக்கு 2014இல் ஏற்கப்பட்ட உலகளாவிய வரையறை, சமூக அறிவியலோடு உள்ளூர் மக்களின் சொந்த அறிவையும் நம் தொழிலின் அடித்தளமாகச் சேர்க்கிறது. அதனால் போன ஐந்து வருடத்தில் உங்களிடம் வந்த பிள்ளைகளில் யார் மறுபடி சிக்கினார்கள், யார் சிக்கவில்லை, அவர்களுக்குள் என்ன வித்தியாசம் என்று உங்கள் கோப்புகளையே எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை வேறு யாராலும் தர முடியாது, அதற்கு எந்த லாகினும் தேவையில்லை.

அவர் எதற்கும் மசியவில்லை என்றால்? உங்கள் ஆட்சேபத்தை மரியாதையான ஒரு மின்னஞ்சலாக எழுத்தில் பதிவுசெய்யுங்கள். பெற்றோரிடம் சம்மதம் வாங்கும் படிவத்தில், இத்தகைய திட்டங்கள் தீங்கு செய்திருப்பதாக ஆய்வுகள் உண்டு என்ற வரி இடம்பெற வேண்டும் என்று வலியுறுத்துங்கள். தெரிவிக்காமல் வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது. அந்த வரியைப் போடவேண்டும் என்றதும் பல திட்டங்கள் தாமாகவே ஒத்திப்போடப்படும்.

இன்றைக்கு இரண்டு வேலை. கேம்பெல் தளத்தில் 'ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டி அந்தப் பிடிஎஃபை இறக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் தோழிக்கு போன் போட்டு, பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள்.